கா. ந. அண்ணாதுரை

காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை (செப்டம்பர் 15, 1909 – பெப்ரவரி 3, 1969) தமிழக அரசியல்வாதியும் எழுத்தாளரும் இதழாசிரியரும் மேடைப் பேச்சாளரும் ஆவார். அறிஞர் அண்ணா என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறார். 1949 ஆம் ஆண்டில் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்த இவர், மார்ச் 6, 1967 முதல் இறக்கும் வரை முதலமைச்சராகப் பதவி வகித்தார். பதவியேற்றபோது மாநிலத்தின் பெயர் சென்னை மாநிலம். இவர் இறக்கும்போது அது தமிழ்நாடு. இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான இவரது ஆட்சிக்காலத்தில் நிறைவேறிய சட்டங்களுள் சுயமரியாதைத் திருமணச் சட்டம் எனப் பொதுவாக அழைக்கப்படும் இந்து திருமண (சென்னைத் திருத்த) சட்டம், 1967 சட்ட வரலாற்றில் தனியிடம் பெற்றது.

பிறப்பும் இளமையும்

அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் நடராசன், பங்காரு அம்மாள் இணையருக்குப் பிறந்தார். குடும்பம் நெசவுத் தொழில் சார்ந்த செங்குந்தர் சமூகத்தைச் சேர்ந்தது. இவரைப் பெரும்பாலும் வளர்த்தவர் சிற்றன்னை இராசாமணி அம்மாள். அவரை அண்ணாதுரை தொத்தா என்றே அழைத்து வந்தார்.

அன்றைய காஞ்சிபுரம் கோயில்களாலும் தறிகளாலும் ஆன நகரம். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளில் வீட்டின் முன்கட்டே தறிக்கூடமாக இருக்கும். காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டப்படும். இங்கு நெய்யப்படும் பட்டுச் சேலைகளுக்கு முதன்மையான சந்தை திருமண வீடுகளே. திருமணங்களை நம்பி வாழும் ஊரிலிருந்து வந்தவர் திருமணச் சட்டத்தை மாற்றினார் என்பது ஒரு சுவையான பொருத்தம். அவர் கொண்டுவந்த சட்டம் எந்தச் சேலையையும் கட்டாயமாக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

காஞ்சிபுரம் பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்த அண்ணாதுரை, குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பை இடையில் நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் சிறிது காலம் எழுத்தராகப் பணியாற்றினார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்று 1934 இல் இளங்கலை சிறப்புப் பட்டம் பெற்றார். அங்கேயே பொருளியலும் அரசியலும் பயின்று முதுகலைப் பட்டமும் பெற்றார். மாணவராக இருந்தபோதே 1930 இல் இராணி அம்மையாரை மணந்தார். இவர்களுக்குக் குழந்தை இல்லை. தமக்கையின் பேரக்குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தனர்.

அரசியல் நுழைவு

1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரசின் மாகாண மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் ஏற்கப்படாததால் ஈ. வெ. இராமசாமி (பெரியார்) அக்கட்சியிலிருந்து வெளியேறினார். அப்போது அண்ணாதுரைக்கு வயது பதினாறு. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1934 இல் திருப்பூரில் நடந்த இளைஞர் மாநாடு ஒன்றில் இருவரும் சந்தித்தனர். 1937 இல் அண்ணாதுரை ஈரோட்டுக்குச் சென்று விடுதலை, குடி அரசு இதழ்களில் துணை ஆசிரியரானார். 1938 இல் நடந்த கட்டாய இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நான்கு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 1942 இல் காஞ்சிபுரத்திலிருந்து திராவிட நாடு என்னும் வார இதழைத் தொடங்கினார். 1944 ஆகஸ்டில் சேலத்தில் நடந்த மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது அண்ணாதுரை தீர்மானம் என்று பெயர் பெற்ற தீர்மானத்தின் வாயிலாகத்தான்.

பெரியாருடன் ஏற்பட்ட பிரிவின் உடனடிக் காரணமும் ஒரு திருமணமே. 1949 சூலையில் எழுபது வயதை நெருங்கியிருந்த பெரியார் தம்மைவிட மிக இளையவரான மணியம்மையாரைப் பதிவுத் திருமணம் செய்தார். பெண்ணொருவரைத் தத்தெடுக்க அன்றைய இந்துச் சட்டம் இடம் தராததால், இயக்கத்திற்கும் சொத்துக்கும் சட்டப்படியான வாரிசை அமைக்க இதுவே வழி என்பது அவர் தரப்பு விளக்கம். பொருந்தா மணத்தை எதிர்த்து வந்த இயக்கத்தின் தலைவர் இப்படிச் செய்யலாமா என்பது அண்ணாதுரை தரப்பின் கேள்வி. நாட்டின் விடுதலை நாளை எவ்வாறு ஏற்பது என்பதில் 1947 முதலே இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. செப்டம்பர் 17, 1949 அன்று திராவிட முன்னேற்றக் கழகம் உருவானது.

நாடகம், புதினம், திரைப்படம் ஆகியவற்றிலும் அண்ணாதுரை முனைப்புடன் ஈடுபட்டார். இக்கட்டுரையின் பொருளோடு தொடர்புடையது நீதிதேவன் மயக்கம் என்னும் நாடகம். கம்பரின் காவியத்தில் குற்றம் சாட்டப்பட்ட இராவணனுக்கு மறுவிசாரணை நடப்பதாக அமைந்தது அது. ஓர் இரவு, வேலைக்காரி, நல்லதம்பி ஆகியவை திரைப்படங்களாகவும் வந்தன. ஆரிய மாயை என்ற நூலுக்காக இவர் மீது வழக்குத் தொடரப்பட்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டது.

சட்டமன்றமும் நாடாளுமன்றமும்

1950களின் தொடக்கத்தில் கைத்தறித் தொழில் கடும் நெருக்கடியில் இருந்தது. வேட்டி, சேலை உற்பத்தியைக் கைத்தறிக்கு ஒதுக்க வேண்டும் என்று அன்றைய முதலமைச்சர் இராசகோபாலாச்சாரி மைய அரசை வலியுறுத்தினார். அவரைப் பல விடயங்களில் எதிர்த்த அண்ணாதுரையும் கட்சியினரும் 1953 இல் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றனர்.

1957 தேர்தலில் காஞ்சிபுரம் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு கட்சி பெற்ற இடங்கள் 15. 1962 இல் கட்சி 50 இடங்களைப் பெற்றபோதிலும் அண்ணாதுரை சொந்த ஊரில் தோல்வியுற்று, மாநிலங்களவை உறுப்பினரானார்.

1963 இல் அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம் நிறைவேறியது. வேட்பாளர்களும் உறுப்பினர்களும் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதி எடுக்க வேண்டும் என்று அது விதித்தது. பிரிவினை கோரும் கட்சி தேர்தலில் நிற்க இயலாத நிலை உருவானது. மாநிலங்களவையில் இதனை எதிர்த்துப் பேசிய அண்ணாதுரை, அது சட்டமான பின் திராவிட நாடு கோரிக்கையைக் கட்சி கைவிடச் செய்தார். சீனப் போரின் போதே அக்கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டிருந்தது. சட்டத்தை எதிர்ப்பது, ஆனால் சட்டமன்றப் பாதையை விட்டு விலகாதிருப்பது என்ற இந்த முடிவே பின்னர் சட்டம் இயற்றும் இடத்துக்கு அவரைக் கொண்டு சென்றது எனலாம். அதே ஆண்டு நவம்பரில் அரசியலமைப்பின் ஆட்சிமொழி பற்றிய 17 ஆம் பகுதியை எரிக்கும் போராட்டத்துக்குப் புறப்படுமுன் கைதாகி ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

முதலமைச்சர்

1967 தேர்தலில் தி.மு.க. தனிப் பெரும்பான்மை பெற்றது. தென்சென்னையிலிருந்து மக்களவைக்குத் தேர்வாகியிருந்த அண்ணாதுரை அப்பதவியை விட்டு விலகி, சட்ட மேலவை உறுப்பினராகி முதலமைச்சராகத் தொடர்ந்தார். ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் செயற்படுத்தப்பட்டதோடு நின்றது. 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் நடந்தது. அதே மாதம் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேறியது.

மாநிலப் பெயர் மாற்றத்தில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. அரசியலமைப்பின் 3 ஆம் உறுப்பின்படி ஒரு மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. இக்கோரிக்கைக்காக 1956 இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். பூபேஷ் குப்தா மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை அங்கு உறுப்பினராயிருந்த அண்ணாதுரை ஆதரித்துப் பேசினார், அது தோற்றது. முதலமைச்சரான பின் 1967 சூலை 18 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றினார். நாடாளுமன்றம் 1968 இல் சட்டம் இயற்ற, ஜனவரி 14, 1969 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது.

இவ்வாட்சிக்குக் கறையாக அமைந்த நிகழ்வும் உண்டு. டிசம்பர் 25, 1968 அன்று கீழ்த்தஞ்சைப் பகுதியின் கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அண்ணாதுரை அப்போது கடும் நோயுற்றிருந்தார்.

சுயமரியாதைத் திருமணச் சட்டம்

புரோகிதர், சமற்கிருத மந்திரம், தீவலம் ஆகியவை இல்லாத திருமணங்களைச் சுயமரியாதை இயக்கம் 1928 முதல் நடத்தி வந்தது. தலைவர் ஒருவர் முன்னிலையில் மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்வர். சாதி மறுப்புத் திருமணங்களும் கைம்பெண் மறுமணங்களும் இவ்வாறு பெருமளவில் நடந்தன. 1929 இல் காஞ்சிபுரத்தை அடுத்த செங்கல்பட்டில் கூடிய முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு பெண்களின் சொத்துரிமை, திருமணம் பற்றிய தீர்மானங்களை நிறைவேற்றியது.

இத்தகைய திருமணம் சமூகத்தில் நடந்தாலும் சட்டத்தில் நடந்ததா என்பது கேள்வியாகவே இருந்தது. பிற சீர்திருத்த இயக்கங்கள் இக்கேள்விக்கு விடை பெற்றிருந்தன. சீக்கியரின் ஆனந்த் முறைத் திருமணத்தை 1909 ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. ஆரிய சமாசத் திருமணங்களை 1937 ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுபடியாக்கியது. சுயமரியாதைத் திருமணத்துக்கு மட்டும் அப்படி ஒன்றும் இல்லை. 1872 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். ஆனால் ஊர்ப்புறக் குடும்பங்கள் அலுவலகத்தை நாடியது குறைவு.

1953 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு இந்தக் கேள்விக்குப் பாதகமான விடையைத் தந்தது. 1934 இல் நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்று பல ஆண்டுகள் கழித்துச் சொத்து வழக்கில் ஆராயப்பட்டது. இந்துச் சட்டம் கூறும் சடங்குகள் நடக்கவில்லை, நெடுங்கால வழக்கம் என்று காட்டவும் இயலாது, ஒரு குழு தானாகவே புதிய திருமண முறையை உருவாக்கிக்கொள்ள முடியாது என்ற அடிப்படையில் நீதிமன்றம் அத்திருமணத்தை ஏற்க மறுத்தது. இதன் விளைவு அந்த ஒரு குடும்பத்தோடு நிற்கவில்லை. கால் நூற்றாண்டாக நடந்த திருமணங்கள் அனைத்திலும் மனைவியின் வாழ்க்கைப்பொருள் உரிமையும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஐயத்துக்குள்ளாயின. கணவன் இறந்த பின் பங்காளிகள் வழக்குத் தொடுத்தால் மனைவி மனைவியல்ல என்று வாதிட வழி பிறந்தது.

1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் இதைத் தீர்க்கவில்லை. அதன் 7 ஆம் பிரிவு, மணமக்களில் எவரேனும் ஒருவரின் வழக்கமான சடங்குகளின்படி திருமணம் நடைபெற வேண்டும் என்கிறது. சடங்கை மறுத்து நடக்கும் திருமணத்துக்கு வழக்கமான சடங்கு எங்கிருந்து வரும்?

அண்ணாதுரை அரசு கொண்டுவந்த திருத்தம் அச்சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்தது. திருமணம் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ளது. மைய அரசின் சட்டத்திலிருந்து மாறுபடும் மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 1967 இறுதியில் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தம் ஒப்புதல் பெற்று 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

பிரிவின் வடிவம் எளியது. சுயமரியாதை, சீர்திருத்த என்ற இரு தமிழ்ச் சொற்களும் ஆங்கிலச் சட்ட வாசகத்தில் அப்படியே இடம்பெற்றுள்ளன. இரு இந்துக்கள் உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன், மனைவியாக ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் கூறினாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ திருமணம் நிறைவுறும். புரோகிதர் தேவையில்லை. இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும், எல்லாம் வேண்டியதில்லை. வரைவில் இவை மற்றும் என்ற சொல்லால் இணைக்கப்பட்டிருந்ததாகவும், பெரியாரிடம் காட்டியபோது அவர் அதனை அல்லது என மாற்றச் சொன்னதாகவும் இயக்க வட்டாரத்தில் ஒரு செய்தி வழங்குகிறது. அது எவ்வாறாயினும் சட்டத்தின் வலு அந்த அல்லது என்ற சொல்லில்தான் உள்ளது. மற்றும் என்று இருந்தால் தாலி கட்டாயமாகியிருக்கும். தாலியை மறுத்தவர்களின் திருமணம் மீண்டும் செல்லாததாகியிருக்கும்.

இரண்டாவது சிறப்பு, சட்டம் பின்னோக்கியும் செயற்படுவது. அதற்கு முன் இம்முறையில் நடந்த திருமணங்கள் யாவும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றும், அவற்றில் பிறந்த பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகள் என்றும் பிரிவு கூறுகிறது. நீதிமன்றம் ஏற்கெனவே இறுதியாகத் தீர்த்துவிட்டவை, இடையில் அப்பெண் வேறொருவரைச் சட்டப்படி மணந்துகொண்டவை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. நாற்பது ஆண்டுகளாக ஐயத்தில் இருந்த குடும்பங்களுக்கு இவ்வொரு பிரிவே பத்திரமாக அமைந்தது.

எல்லைகளும் உள்ளன. வயது, ஒருதார மணம், நெருங்கிய உறவுத் தடை ஆகிய 5 ஆம் பிரிவின் நிபந்தனைகள் இதற்கும் பொருந்தும். இருவருமே அச்சட்டத்தின் பொருளில் இந்துக்களாக இருத்தல் வேண்டும். கடவுள் மறுப்பாளர்களின் திருமணமும் இந்துத் திருமணம் என்ற பெயரில்தான் பாதுகாப்புப் பெறுகிறது. மதம் கடந்து மணப்பவர்களுக்கு, முப்பது நாள் அறிவிப்பைக் கோரும் 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே வழி.

மறைவு

1968 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் சப் பெல்லோசிப் சிறப்பைப் பெற்று அங்கு சென்று திரும்பிய அண்ணாதுரைக்கு அதே ஆண்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நடந்தது. பெப்ரவரி 3, 1969 அன்று சென்னையில் காலமானார். உடல் மெரினா கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டது. இறுதி ஊர்வலத்தில் திரண்ட கூட்டம் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. காஞ்சிபுரத்தில் இவரது இல்லம் நினைவில்லமாக உள்ளது. நகரை அடுத்த காரப்பேட்டையில் இவர் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 இல் திறக்கப்பட்டது.

சட்டத்தின் பிற்கால வரலாறு

புதுச்சேரியும் இதையொத்த திருத்தத்தைப் பின்னர் ஏற்றது. தமிழ்நாட்டில் பிரிவு 7அ எதிர்பாராத இடங்களிலும் பயன்பட்டது. மனைவி உயிருடன் இருக்கையில் மறுமணம் செய்த ஒருவர், இரண்டாம் திருமணத்தில் ஏழடி எடுத்துவைக்கும் சப்தபதி நடக்கவில்லை, ஆகவே அது திருமணமே அல்ல, தாம் குற்றவாளியும் அல்ல என்று வாதிட்டார். இவ்வாதம் முன்னர் நாட்டின் பிற பகுதிகளில் சிலரைக் காப்பாற்றியதுண்டு. 2001 இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. 7அ பிரிவின்படி தமிழ்நாட்டில் சப்தபதி கட்டாயமில்லை, இரண்டாம் திருமணம் நடந்தது நடந்ததே எனக் கூறிக் குற்றத்தை உறுதி செய்தது. சடங்கிலிருந்து விடுவிக்க வந்த சட்டம், சடங்கின் பின் ஒளிந்துகொண்ட கணவனைப் பிடிக்கவும் உதவிற்று.

2014 இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, வழக்கறிஞர் அலுவலகங்களில் கமுக்கமாக நடத்தப்படும் திருமணங்கள் 7அ பிரிவின்படி செல்லா எனத் தீர்ப்பளித்தது. திருமணம் என்றால் ஊரறியக் கொண்டாடப்படுவது என்பது அதன் கருத்து. போலிச் சான்றுகளையும் கட்டாய மணங்களையும் தடுக்கும் நோக்கம் அதில் இருந்தது. ஆயினும் வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சி ஓடிவந்து சாதி கடந்து மணப்பவர்களே இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டனர். ஊரறிய மணக்க முடியாதவர்களிடம் ஊரறிய மணக்கச் சொல்வதாக அது அமைந்தது.

ஆகஸ்ட் 2023 இல் உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பை மாற்றியது. பொது அறிவிப்பு வேண்டும் என்று பிரிவில் எங்கும் இல்லை, அதை நீதிமன்றம் சேர்க்க இயலாது, குடும்ப நெருக்கடியில் உள்ள இணையரிடம் பொது அறிவிப்பை வலியுறுத்துவது அவர்கள் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம் என்று கூறியது. வழக்கறிஞர்கள் தம் தொழில்முறையில் திருமணம் செய்து வைக்கக் கூடாது. ஆனால் நண்பராகவோ உறவினராகவோ சாட்சியாக இருப்பதற்குத் தடையில்லை.

2009 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். பதிவு வேறு, திருமணம் வேறு என்பது 2024 இல் உச்ச நீதிமன்றம் அளித்த மற்றொரு தீர்ப்பால் தெளிவாயிற்று. சடங்கு எதுவும் நடவாமல் பதிவுச் சான்றிதழ் மட்டும் பெற்றிருந்த வடநாட்டு இணையர் இந்து திருமணச் சட்டத்தின்படி மணமானவர்கள் அல்லர் என அது கூறியது. தமிழ்நாட்டில் உறவினரோ நண்பரோ முன்னிலையில் ஒரு மாலையோ மோதிரமோ மாற்றியிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும்.